ஏழு கல் உயரத் தண்ணீர்

ஏழு தட்டைக் கற்களைப் பொறுக்கி, நீரின் விளிம்பில், ஒரு பெரிய பாறையின் மறைவில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிப்பு. அடிக்கல்லின் பாதத்தை மட்டும் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: காலை ஒன்பது மணி, கல் ஏழு, தண்ணீரின் சூடு ஆறு பாகை, முகில் இல்லை.

"உதென்ன அண்ணை, கோயில் கட்டுறியளோ?" என்று பின்னால் நின்ற மரியதாஸ் கேட்டார்.

"அளவுகோல். தண்ணி ஏறுதோ இறங்குதோ எண்டு பாக்க."

"அதுக்குத் தண்ணியைப் பாக்கலாமே."

நாங்கள் நின்றது ஆற்றின் நடுவில் இருந்த ஒரு கூழாங்கல் திட்டு. நீளம் நாற்பத்து நான்கு காலடி, அகலம் பதினேழு. நடுவில் ஆள் உயரத்துக்குச் சில பற்றைகள், இலை இன்னும் விடவில்லை. காரை நிறுத்திய கரையிலிருந்து திட்டுக்கு வர எழுபத்தொரு காலடி. மிக ஆழமான இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே நாலு விரல். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. எழுதாமல் வெறுமையாக விட்ட ஓர் இடமும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய மே மாதத் தொடக்கம். மொன்ட்ரியாலில் மரங்கள் துளிர்க்கத் தொடங்கியிருந்தன. லவாலைத் தாண்டி வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால், மலைச்சரிவுகளின் நிழல் பக்கத்தில் பனி அழுக்கு வெள்ளையாய்க் கிடந்தது. வழிகாட்டியாக எனக்கு அது முதல் வசந்தம். ஆற்றின் பெயரை எழுதப்போவதில்லை. சென்ற வாரம் ஒரு வாசகர், சந்தி டெப்பனர் கடையில் நான் பால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது மறித்துக் கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை. ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் ஆற்றின் பெயரைச் சொல்வதில்லை.

ஈ கட்டிய கை

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் செய்வது புழு கோத்துப் போடும் தூண்டில் அல்ல. ஒரு சின்னக் கொக்கியில் சேவல் இறகையும் மிருக மயிரையும் வைத்து நூலால் சுற்றிக் கட்டினால் அது ஓர் ஈ போலத் தோன்றும். உயிருள்ள ஈ வந்து இறங்குவது போல அதைத் தண்ணீரின் மேல் இறக்க வேண்டும். மீன் நம்பினால் வரும். பெரும்பாலும் நம்புவதில்லை.

அந்த ஈக்களைப் பதினொரு வருடம் கட்டினேன். மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறை. ஒன்பது மேசை, ஒன்பது விளக்கு. நாளுக்குப் பன்னிரண்டு டசின். என் மனைவி சரோ என்னை வாசலிலேயே நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருக்கும் இறகுகளையும், சில நாள் கொக்கியோடு மாட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்ட ஈக்களையும் பிடுங்கிக் குப்பையில் போடுவாள்.

"ஈ ஓட்டுற ஆம்பிளையளைக் கண்டிருக்கிறன். ஈ கட்டுற ஆம்பிளையை இப்பத்தான் காணுறன்" என்பாள்.

ஒரு வகையைத்தான் அதிகம் கேட்பார்கள். சாம்பல் நிறச் சிறகு, பனங்கட்டி நிற உடம்பு. வசந்தத்தில் ஆற்றிலிருந்து முதலில் எழும் பெரிய ஈ அதுதான் என்று முதலாளி சொல்வார். அதில் மட்டும் ஐயாயிரம் டசினுக்குக் குறையாமல் கட்டியிருப்பேன். உயிருள்ளது ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

கூட வேலை செய்தவர்களோடு விடுமுறை நாட்களில் ஆற்றுக்குப் போகத் தொடங்கினேன். எல்லாம் ஜூன் மாதத்துக்குப் பிறகு, குளிர் முழுதாக விட்ட பின்னர். தொழிற்கூடம் வேறு ஊருக்குப் போனபோது எனக்கு அறுபது வயது. மீன்பிடிக்க வருகிறவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி வேலைக்கு வந்தேன். ஒரு கோடையும் ஓர் இலையுதிர்காலமும் போயின. இருபத்தாறு நாள், ஒருவரும் தண்ணீரில் விழவில்லை. அந்த இருபத்தாறு பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

சட்டியோடு வந்தவர்

மரியதாஸை என்னிடம் அனுப்பியது அவருடைய மூத்த மகள் ஜெனி. "போன்ஜூர் அங்கிள்" என்று தொலைபேசியில் தொடங்கினாள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்.

"அப்பாக்கு அறுபது வயசு வருது. நானும் தங்கச்சியும் சேந்து உங்களோட ஒரு நாள் போய்வரப் பரிசாக் குடுக்கிறம். அவர் ஒரு இடமும் போறேல்லை அங்கிள். மீன் வெட்டுறார், வாறார், படுக்கிறார்."

சரி என்று திகதியைக் குறித்தேன். தொலைபேசியை வைக்கப் போனவள் வைக்கவில்லை.

"கவனமாக் கூட்டிக்கொண்டு வந்து விடுங்கோ. அம்மாவும் இல்லை. எங்களுக்கு அவர் மட்டும்தான்."

"இருபத்தாறு நாள், ஒருத்தரும் விழேல்லை, பிள்ளை" என்றேன்.

மரியதாஸ் மன்னார்க்காரர். அதற்கு முப்பது வருடத்துக்கு முன் கடலில் தொழில் செய்தவர். அந்தக் காலத்தில் மொன்ட்ரியால்-நோரில் ஒரு பெரிய கடையின் மீன் பகுதியில் கத்தி பிடித்துக்கொண்டிருந்தார். நாளுக்கு எத்தனை மீன் வெட்டுவீர்கள் என்று காரில் கேட்டேன்.

"எண்ணினா வெட்டேலாது, அண்ணை."

காரின் பின்பக்கத்தில் அவர் ஒரு குளிர்ப்பெட்டி ஏற்றியிருந்தார். துணியில் சுற்றிய ஒரு மண்சட்டி. மிளகாய்த்தூள், பழப்புளி, ஒரு போத்தலில் தேங்காய்ப்பால்.

"உது என்னத்துக்கு?"

"ஆத்தங்கரையில வைச்சே ஒரு குழம்பு. வேறென்னத்துக்கு?"

நாங்கள் போகும் பகுதியில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்பது சட்டம் என்று விளக்கினேன். ஜெனி இதைச் சொல்லவில்லை போலும். அவர் இரண்டு கிலோமீற்றர் திரும்பித் திரும்பிக் குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார். காரின் எண்காட்டியைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

"ஒண்டரை மணித்தியாலம் கார் ஓடி, நெஞ்சு மட்டும் ரப்பர் காற்சட்டை போட்டு, ஐஸ் தண்ணிக்குள்ள இறங்கி, பிடிச்சுப்போட்டு விடுறதோ?"

"ஓம்."

"ஆர் அண்ணை உங்களுக்கு இந்தத் தண்டனை தந்தது?"

ஒன்பது மணிப் பழக்கம்

என் தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இளம் வயதில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தேன். வன்னியில் ஒரு குளத்தின் மதகடியில் நிற்கும் அளவுகோலை நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏழு வருடம் எழுதினேன். ஒரு நாளும் ஒன்பது ஐந்து ஆனதில்லை. குளம் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். வானத்தில் முகில் இல்லாத நாளில் பயப்பட ஒன்றும் இல்லை. இது படித்து வந்த அறிவல்ல, எலும்புக்குள் போய்விட்ட அறிவு.

மரியதாஸ் வந்ததற்கு முந்திய மூன்று நாளும் எனக்கு அரைநாள் வேலைகள். மூன்று நாளும் அதே ஆற்றின் பாலத்தடியில் தண்ணீரை அளந்தேன். நாளுக்கு இரண்டு விரல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று அளவும் சரியானவை. மூன்றும் காலை ஒன்பது மணிக்கு எடுத்தவை. மதியத்துக்கு முன்பே நான் லாசால் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். பிற்பகலில் அந்த ஆறு என்ன செய்கிறது என்று ஒரு தடவையேனும் நின்று பார்க்கவில்லை.

பனி கிடக்கும் மலையில் வெயில்தான் மழை. இரவில் எல்லாம் உறைந்துவிடும், ஆகவே காலையில் ஆறு ஒடுங்கிக் கிடக்கும். வெயில் ஏறினால் மேலே பனி உருகும். உருகிய தண்ணீர் கீழே வந்து சேரப் பிற்பகல் ஆகும். முகில் இல்லாத நாள்தான் ஆபத்தான நாள். இதை நான் ஒரு புத்தகத்தில் வாசித்தும் இருந்தேன். ஆனால் அன்று காலை நீல வானத்தைப் பார்த்ததும் ஏழு வருடப் பதிவேடு அந்த ஒரு புத்தகத்தை மூடிவிட்டது. 'முகில் இல்லை' என்று நல்ல சகுனம் போல எழுதிவிட்டு, ஜெனியின் அப்பாவைக் கொண்டுபோய் நடுவாற்றில் நிறுத்தினேன்.

வள்ளங்கள்

காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ட்ரவுட் குளிரில் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தடியை எப்படிப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசுவது என்று காட்டினேன். பின்னால் வீசி, இரண்டு எண்ணி, முன்னால் வீச வேண்டும். மரியதாஸ் எண்ணவில்லை. இடுப்பைத் திருப்பி, வீச்சுவலை எறிகிறவர் போல முழு உடம்பாலும் எறிந்தார். நூல் அவருடைய தொப்பியில் மூன்று தடவையும் என் தொப்பியில் ஒரு தடவையும் சிக்கியது.

"மீன் இல்லை எண்டாலும் ஆள் பிடிபடுது" என்றார்.

பதினொரு மணிக்குக் கல் ஏழு. பன்னிரண்டரைக்கு ஆறரை. பாறையில் பட்டுத் தெறித்த தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். வெயில் சுட்டது. இருவரும் மேற்சட்டையைக் கழற்றிப் பற்றையில் போட்டோம். தண்ணீரின் சூடு ஒன்பதரைப் பாகை.

ஒன்றரை மணி இருக்கும். மரியதாஸ் எழுந்து நின்று மேல்நீரைப் பார்த்தார்.

"அண்ணை, அங்க பாருங்கோ. வள்ளம் வருது."

முதலில் எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தண்ணீரின் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு ஈ மேலே வந்தது. நனையாமல் நின்றது. சிறகு இரண்டையும் மேலே கூட்டி நிமிர்த்தி, பாய் விரித்த வள்ளம் போல ஓட்டத்தோடு மிதந்து வந்தது. சாம்பல் சிறகு. பனங்கட்டி உடம்பு. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பத்து. பிறகு அந்த வளைவு முழுக்க.

ஊரில் மழை விட்டதும் ஈசல் புற்றிலிருந்து கிளம்புவதைக் கண்டிருக்கிறேன். அது குப்பென்று எழுந்து பறக்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாய், அவசரமில்லாமல், சிறகு காயும் வரை தண்ணீர்மேல் உட்கார்ந்து பயணம் செய்தது. சில காற்றில் சரிந்தன. சில எழுந்து வெயிலுக்குள் போயின. கற்களுக்கு அடியில் ஒரு வருடம் இருட்டில் ஊர்ந்து வளர்ந்து, மேலே வந்து இரண்டொரு நாளில் முடிந்துவிடும் உயிர் அது.

பிறகு மீன்கள் வந்தன. முதலில் ஒரு வளையம். அப்புறம் ஒரு மூக்கு. சூடான தேநீரை உறிஞ்சுவது போன்ற சின்னச் சத்தம். ஒரு ஈ இருந்த இடத்தில் ஈ இல்லை. அங்கும் இங்கும், தண்ணீருக்குள் இறங்கி நின்ற எங்கள் முழங்காலுக்கு அருகிலும், காலை முழுக்க வெறும் தண்ணீராய்க் கிடந்த இடமெல்லாம் வாய்கள்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு நிமிடத்தில் எத்தனை வருகின்றன என்று எண்ணத் தொடங்கினேன். நூற்றுப் பதினெட்டு வரை போனேன். அப்போது ஒன்று வந்து என் சட்டைக்கையில் இறங்கியது.

கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுக் கிட்டப் பார்த்தேன். சிறகில் நரம்பு நரம்பாய்க் கோடுகள், கோலம் போட்டதுபோல. மூன்று வால், மயிரிலும் மெல்லியவை. நான் ஐயாயிரம் டசின் கட்டியதில் வாலுக்கு ஒரு கொத்து இறகு வைப்பேன். எத்தனை என்று யாரும் எண்ணச் சொல்லவில்லை. நானும் எண்ணவில்லை. அது முன்கால்களைத் தூக்கி எதையோ கேட்பதுபோல அசைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அசலைக் காணாதவன் ஐயாயிரம் டசின் நகல் எடுத்திருக்கிறேன்.

எண்ணிக்கை அத்தோடு நின்றது. பிறகு ஒன்றையும் எண்ணவில்லை. கற்களின் பக்கம் திரும்பவும் இல்லை.

மரியதாஸின் நூல் பாடியது. அவருடைய எறியில் ஒரு குறையும் தீரவில்லை. ஆனால் ஒரு மீன் நம்பிவிட்டது. தடி வளைந்தது. அவர் தடியைப் போட்டுவிட்டு நூலைக் கையால் இழுக்கத் தொடங்கினார். அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய்விடும், அது பிழைக்காது.

இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் தாழ்த்தி அதைப் பிடித்தார். ஒரு சாண் நீளம். இருண்ட பச்சை முதுகு, பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நீல வளையம். செவுள் திறந்து மூடியது. நாள் முழுக்க மீன் வெட்டுகிற மனிதர் அந்தச் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட ஒண்டைத் தொட்டு முப்பது வருசம், அண்ணை."

கொக்கியைக் கழற்றினேன். அவர் கையை விரித்தார். மீன் உடனே போகவில்லை. உள்ளங்கையில் ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு இல்லாமல் போயிற்று. அவர் ஈரக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகு இன்னும் பிடித்தார். ஐந்தா, ஆறா, தெரியாது.

ஒன்றரைக் கல்

என் தொடையில் குளிர் ஏறியபோதுதான் விழித்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது அது தொடையில் இருந்தது. ஈக்கள் ஐதாகிவிட்டன. தெளிந்த தண்ணீர் பால் விட்ட தேநீர் போல நிறம் மாறியிருந்தது.

பாறைக்குப் போனேன். ஒன்றரைக் கல் மீதி.

வானத்தைப் பார்த்தேன். ஒரு முகிலும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. மணி மூன்று பத்து. தொலைபேசிக்கு அங்கே அலை இல்லை. திட்டின் பற்றைகளைப் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்தில் போன வருடத்துக் காய்ந்த புல் சிக்கித் தொங்கியது. வெள்ளம் அதுவரை வரும் என்று அது சொன்னது. இங்கே இருந்தால் விடியும்வரை தண்ணீர் வடியாது. விடியும்வரை திட்டு இருக்குமா என்பதும் தெரியாது.

"காத்து மாறுது. இனி மீன் வராது. போவம்" என்று மரியதாஸிடம் சொன்னேன்.

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி ஏறுது எண்டு சொல்லுங்கோவன்."

"ஓம். ஏறுது."

"எவ்வளவு?"

"அஞ்சரைக் கல்லு."

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"இடுப்புக்கு வரும்."

அவர் குனிந்து ரப்பர் காற்சட்டையின் மேல் இடுப்புப் பட்டியை இன்னும் இரண்டு துளை இறுக்கினார். உள்ளே தண்ணீர் போனால் எழும்ப முடியாது என்று காலையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் இறுக்கிவிட்டார்.

எண்ணாமல்

வேகமான தண்ணீரை இருவர் கடக்க ஒரு முறை இருக்கிறது. எதிரெதிரே நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடிக்க வேண்டும். பாரமானவர் மேல்நீரில். ஒருவர் கால் வைக்கும்போது மற்றவர் அசையக்கூடாது. பாரமானவர் மரியதாஸ். என்னைவிட நாற்பது இறாத்தலாவது கூட இருப்பார்.

இறங்கினோம். நான் உரக்க எண்ணினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. தண்ணீர் தொடையிலிருந்து இடுப்புக்கு வந்தது. காலுக்குக் கீழே கற்கள் உருளும் சத்தம் கேட்டது. ஆற்றின் அடியில் யாரோ மூட்டையோடு பலகைப் படியில் இறங்குவதுபோல. பதினேழில் என் இடது கால் போயிற்று. நான் எண்ணியது என் கால்களை மட்டும். அவரும் அதே நேரத்தில் கால் தூக்கியிருந்தார். இருவரும் ஒரு பக்கமாய்ச் சரிந்தோம். அவருடைய விரல்கள் என் தோளுக்குள் இறங்கின. நின்றோம்.

"எண்ணாதேங்கோ அண்ணை" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "உங்கட எண்ணிக்கையில நான் இல்லை."

"அப்ப எப்பிடி?"

"அம்பா தெரியுமோ?"

கரைவலை இழுக்கிறவர்கள் வடத்தைப் பிடித்துப் பாடும் பாட்டு அம்பா. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். கேட்டிருக்கிறேன், திணைக்கள வேலையாய்க் கரையோரம் போன நாட்களில், மணலில் செருப்போடு நின்று. வடத்தைத் தொட்டதில்லை.

"நான் எடுக்கேக்க நான் கால் வைப்பன். நீங்கள் ஏலேலோ சொல்லேக்க நீங்கள் வையுங்கோ. கீழ பாக்காதேங்கோ. என்ர வாயைப் பாருங்கோ."

அவர் தொடங்கினார். ஆற்றின் இரைச்சலுக்கு மேலே எழுந்த குரல். மீன் பகுதியில் வேலை செய்யும் ஒருவரிடம் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"கல்லு உருளுது."

"ஏலேலோ."

"காலு விறைக்குது."

"ஏலேலோ."

"கத்தரே பாரும்."

"ஏலேலோ."

"ஜெனி பேசுவாள்."

"ஏலேலோ."

"சட்டி காயுது."

"ஏலேலோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பளவு உறையவைக்கும் தண்ணீரில், உயிர் கையில் இல்லாத நேரத்தில், சிரித்துக்கொண்டு கால் வைத்தேன். ஓட்டத்தை எதிர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் கீழ்ப்பக்கம் சரிந்து போனோம். கடைசி ஈக்கள் எங்கள் இருவருக்கும் நடுவால் மிதந்து போயின. ஒன்று அவருடைய தாடையில் ஏறி உட்கார்ந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை, அதுவும் எழும்பவில்லை. இரண்டு பக்கமும் மலை, மேலே அந்த ஈரமில்லாத நீலம், அது மலைப்பனி அவ்வளவையும் தண்ணீராக்கி எங்கள்மேல் அனுப்பிக்கொண்டிருந்தது. பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. அதற்குப் பெயர் தெரியாமல்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கரைப் புல்லை என் கை பிடித்தபோது அவர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். பாறையின் மறைவில் ஒரு கல்லும் தெரியவில்லை.

இருவரும் காரில் சாய்ந்து நின்று நடுங்கினோம். குளிர்ப்பெட்டியைத் திறந்து தேங்காய்ப்பாலை எடுத்து, போத்தலோடு ஆளுக்குப் பாதி குடித்தோம். பிறகு சொன்னேன். ஒன்பது மணி, மூன்று நாள், முகில் இல்லை, எல்லாவற்றையும்.

"என்ர பிழை. ஜெனிக்கு நானே சொல்லுறன்."

அவர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஏறுறதை நான் ரெண்டு மணிக்கே கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வழிகாட்டி. தெரிஞ்சுதான் நிக்கிறியள் எண்டு நினைச்சன்." போத்தலைக் கீழே வைத்தார். "அது பொய். தெரியாமத்தான் நிக்கிறியள் எண்டு விளங்கினது. சொன்னா கூட்டிக்கொண்டு போயிடுவியள். அந்த வள்ளமெல்லாம் போய் முடியட்டும் எண்டு இருந்தன்."

இரண்டு கிழவர்கள், ஒருவர் கல்லைப் பார்க்க மறந்தார், மற்றவர் பார்த்தும் பேசாமல் இருந்தார், ஒரே காரணத்துக்காக.

வரும் வழியில் அலை கிடைத்ததும் ஜெனி எடுத்தாள். நான் சொல்லத் தொடங்குமுன் அவர் தொலைபேசியை வாங்கிவிட்டார். "ஒண்டும் கொண்டு வரேல்லை மோளே. பிடிச்சுப் பிடிச்சு விட்டது. ஓம். ஓம், நனைஞ்சுதான் இருக்கிறன். பேந்து சொல்லுறன்." மறுநாள் நானும் அவளுக்கு எல்லாம் சொன்னேன். இரண்டு வாரம் அவள் என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்.

இப்போது எனக்கு எழுபத்து மூன்று. அதன் பிறகு வந்த ஒவ்வொரு வசந்தத்திலும் ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அளக்கிறேன். வெயில் நாளில் கரையை விட்டு விலகுவதில்லை.

அன்று பொழுது சாய முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டேன். சரோ அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். கதிரையில் இருந்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"போகேக்க எழுபத்தொண்டு. வரேக்க எத்தினை?"

"தெரியாது."

அகப்பை நின்றது. ஆற்றைப் பற்றிச் சொன்னபோது திரும்பாதவள் அப்போதுதான் திரும்பினாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு தொகை கேட்டு நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். பிறகு அவளுடைய கண் என் தொப்பிக்குப் போயிற்று.

"இன்னும் உந்த ஈயளைக் கொண்டுவாறதை விடேல்லை" என்று, கட்டின ஈ என்று நினைத்து, பிடுங்கிக் குப்பையில் போட இரண்டு விரலை நீட்டினாள்.

அது பறந்தது.